இசைத்தட்டுக்குப் பத்தாத இசை: வில்லியம் வால்டனும் 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' படமும் – ஒரு நிகழ்வு ஆய்வு

ஏன் இந்தப் பதிவு

1969இல் வெளியான ஒரு பெரிய பிரிட்டிஷ் போர்ப்படத்துக்கு அந்த நாட்டின் மூத்த இசையமைப்பாளர் இசை எழுதிக் கொடுத்தார். ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது, ஒலிப்பதிவும் முடிந்தது. அதற்கு அப்புறம்தான் படத்தை வெளியிடும் நிறுவனம் அந்த இசை வேண்டாம் என்று ஒதுக்கியது. சொன்ன காரணம் விசித்திரமானது: ஒரு எல்.பி. இசைத்தட்டை நிரப்ப இந்த இசையின் நீளம் பத்தாது.

சினிமாவில் இசை மாற்றப்படுவது புதிதல்ல. ரீ-ரெக்கார்டிங் முடிந்த பிறகு இசையமைப்பாளரை மாற்றிய கதைகள் கோடம்பாக்கத்திலும் உண்டு. இந்த நிகழ்வை நான் எழுத எடுத்துக்கொண்டதற்குக் காரணம், ஆரம்பம் முதல் முடிவு வரை ஒவ்வொரு படியும் வெளியே தெரிகிறது என்பதுதான். யார் எந்த இடத்தில் என்ன முடிவு எடுத்தார்கள், அதற்குப் பிறகு என்ன ஆனது என்று வரிசையாகப் பார்க்கலாம். பொது வாழ்வில் இருந்தவர்களின் பெயர்களை மட்டும் சொல்கிறேன். நிறுவன அதிகாரிகள், ஒலிக்கலவை செய்தவர் போன்றோரின் பெயர்களை விட்டுவிட்டேன். அவர்கள் செய்ததுதான் இங்கே வேண்டும்.

பின்னணி: ஓல்டாமிலிருந்து இஸ்கியா வரை

வில்லியம் வால்டன் 1902 மார்ச் 29 அன்று லங்காஷயரின் பஞ்சாலை ஊரான ஓல்டாமில் பிறந்தார். அப்பா பாட்டு வாத்தியார், தேவாலயப் பாடகர் குழுவை நடத்தியவர். பையனுக்குப் பத்து வயது ஆனபோது ஆக்ஸ்ஃபோர்டின் கிறிஸ்ட் சர்ச் தேவாலயப் பாடகர் பள்ளிக்கு ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்தது. தேர்வுக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின இரவு, ரயிலுக்கு வைத்திருந்த காசை அப்பா மதுக்கடையில் செலவழித்துவிட்டார். விடிந்ததும் அம்மா காய்கறிக் கடைக்காரரிடம் கடன் வாங்கிக்கொண்டு மகனை அழைத்துப் போனார். போய்ச் சேர்ந்தபோது தேர்வு முடிந்திருந்தது. அம்மா விடவில்லை, கெஞ்சிக் கேட்டு மகனைப் பாட வைத்தார். இடம் கிடைத்தது. அந்தக் காய்கறிக் கடைக்காரர் அன்று கையை விரித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

ஆக்ஸ்ஃபோர்டில் பட்டம் வாங்கவில்லை. இசை தவிர மற்றவற்றில் தேறவில்லை. ஆனால் அங்கே கிடைத்த நண்பர்களால் பிழைத்தார். எழுத்தாளர்களான சிட்வெல் சகோதரர்கள் அவரைத் தங்கள் லண்டன் வீட்டு மாடி அறையில் தங்கவைத்தார்கள். அந்த வீட்டில்தான் அவர்களுடைய அக்கா ஈடித் சிட்வெல்லின் கவிதைகளைத் தாளத்தோடு வாசிக்க, பின்னால் சிறு இசைக்குழு வாசிக்கும் 'ஃபசாட்' உருவானது. திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு மெகாஃபோன் வழியாகக் கவிதை சொன்னார்கள். 1923இல் பொதுமேடையில் நடந்தபோது லண்டன் கேலி செய்தது. இளைஞருக்குப் பெயர் கிடைத்தது.

அதன் பின் வந்தவை கேலிக்கு இடம் தரவில்லை. 1929இல் வயோலா கன்சர்ட்டோ. வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா தனித்து ஒலிக்க, ஆர்க்கெஸ்ட்ரா கூட வாசிக்கும் படைப்பு. யாருக்காக எழுதினாரோ அந்த வயோலா மேதை லயனல் டெர்டிஸ், இசை ரொம்பப் புதுமையாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஜெர்மானியரான பால் ஹிண்டமித் வந்து வாசித்துக் கொடுத்தார். பிற்காலத்தில் டெர்டிஸே தன் முடிவுக்கு வருத்தப்பட்டார். வால்டன் எழுதியதை வேண்டாம் என்று சொல்லி, பிறகு வருந்திய முதல் ஆள் அவர்தான். 1931இல் லீட்ஸ் விழாவில் 'பெல்ஷாசர்ஸ் ஃபீஸ்ட்'. பெரிய பாடகர் குழுவும் ஆர்க்கெஸ்ட்ராவும் போதாதென்று இரண்டு பித்தளை வாத்தியக் குழுக்களும் சேர்ந்து முழங்கும் படைப்பு.

இந்த ஆய்வுக்கு முக்கியமான குணம் ஒன்று: வால்டன் மிக மெதுவாக எழுதுபவர். அவருடைய முதல் சிம்பொனி 1934 டிசம்பரில் அரங்கேறியபோது மூன்று பகுதிகள்தான் தயார். நான்காவது பகுதி வரவில்லை. காத்திருந்து அலுத்தவர்கள் முடிந்தவரை வாசித்துவிட்டார்கள். முழு சிம்பொனியைக் கேட்க மறு ஆண்டு நவம்பர் ஆனது. இரண்டாவது சிம்பொனி லிவர்பூல் நகரின் 750ஆம் ஆண்டு விழாவுக்குக் கேட்டது. விழா 1957இல். சிம்பொனி அரங்கேறியது 1960இல், அதுவும் எடின்பரோவில்.

1948இல் அர்ஜென்டினாவுக்கு ஒரு மாநாட்டுக்குப் போனவர் அங்கே சுசானா என்ற பெண்ணைச் சந்தித்து அந்த ஆண்டே திருமணம் செய்துகொண்டார். இருவரும் நேபிள்ஸுக்கு எதிரே இருக்கும் இஸ்கியா தீவில் குடியேறினார்கள். எரிமலைப் பாறைச் சரிவில் வீடு, சுற்றிலும் சுசானா வளர்த்த தோட்டம். 1951இல் சர் பட்டம், 1967இல் ஆர்டர் ஆஃப் மெரிட். இந்த இரண்டுக்கும் நடுவே, 1966இல், நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை. ஆக, நாம் பேசப்போகும் படம் அவரைத் தேடி வந்தபோது நாட்டின் உச்ச கௌரவங்களில் ஒன்று அவர் கையில் இருந்தது. வயது அறுபத்தாறு, பெரிய நோயிலிருந்து எழுந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன.

சினிமாவோடு பழக்கம்

வால்டனுக்கு முதலில் சினிமா சம்பாத்தியம் மட்டும்தான். 1930களின் நடுவில் 'எஸ்கேப் மீ நெவர்' படத்தோடு தொடங்கினார். போர் வந்ததும் நிலைமை மாறியது. நாட்டுக்கு வேண்டிய படங்களுக்கு இசை எழுதுவதற்காக அவருக்குப் படைச்சேவையிலிருந்து விலக்கு கிடைத்தது. 1941இல் அவருடைய லண்டன் வீடு குண்டுவீச்சில் அழிந்தது. 1942இல் ஸ்பிட்ஃபயர் விமானத்தை வடிவமைத்த ஆர். ஜே. மிட்செலின் கதையைச் சொன்ன 'த ஃபர்ஸ்ட் ஆஃப் த ஃப்யூ' படத்துக்கு இசை எழுதினார். அந்தப் படத்திலிருந்து எடுத்த 'ஸ்பிட்ஃபயர் ப்ரெலூட் அண்ட் ஃப்யூக்' ஏறக்குறைய எட்டு நிமிடம் ஓடும். விமானத் தொழிற்சாலையின் சுறுசுறுப்பை, ஒரு வாத்தியம் தொடங்கியதை அடுத்த வாத்தியம் துரத்திப் பிடிக்கும் ஃப்யூகாக அதில் அமைத்திருக்கிறார். கச்சேரி மேடைகளில் இன்றும் அதை வாசிக்கிறார்கள். பின்னால் இந்த எட்டு நிமிடத்துக்கு ஒரு வேலை இருக்கிறது, நினைவில் வையுங்கள்.

அப்புறம் லாரன்ஸ் ஒலிவியே. 'ஹென்றி த ஃபிஃப்த்' (1944), 'ஹேம்லட்' (1948), 'ரிச்சர்ட் த தர்ட்' (1955) என மூன்று ஷேக்ஸ்பியர் படங்களை ஒலிவியே இயக்கி நடிக்க, மூன்றுக்கும் வால்டன் இசை. முதல் படத்தின் அஜின்கோர்ட் போர்க்காட்சியில் பிரெஞ்சுக் குதிரைப்படை நடையாகத் தொடங்கி, ஓட்டமாகி, நாலுகால் பாய்ச்சலாக மாறும். இசையும் அதே வேகத்தில் ஏறிக்கொண்டே போகும். வில்லாளிகள் நாண் இழுத்துக் காத்திருக்கும் நொடியில் சட்டென நிற்கும். அம்புகள் விர்ரெனப் பறக்கும் சத்தம் மட்டும் கேட்கும். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவரின் வேலை அது. அந்த மூன்று படங்களில் இருவருக்கும் ஏற்பட்ட நம்பிக்கை பிறகு ஒரு நாள் படத்தின் பெயர் அட்டை வரை போய் நின்றது.

1968: அழைப்பு

'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' 1940 கோடையில் லண்டனைக் காத்த வான்போரைப் பற்றிய படம். தயாரிப்பாளர்களில் ஒருவர் ஹாரி சால்ட்ஸ்மன், இயக்கம் கை ஹாமில்டன், வெளியீடு யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ். ஸ்பெயின் விமானப்படையிடம் இருந்த பழைய விமானங்கள் ஜெர்மன் விமானங்களாகப் பூச்சு மாற்றப்பட்டன. டக்ஸ்ஃபோர்ட் தளத்தில் ஒரு விமானக் கொட்டகையை நிஜமாகவே வெடிவைத்துத் தகர்த்தார்கள். போர் விமானப்படையின் தளபதி டவுடிங்காக ஒலிவியே நடித்தார். சக்கர நாற்காலியில் இருந்த நிஜ டவுடிங் படப்பிடிப்பைப் பார்க்க வந்தார்.

இப்படிப்பட்ட படத்துக்கு வால்டனை அழைத்தது சரியான முடிவு என்பது என் கருத்து. ஸ்பிட்ஃபயருக்கு இசை எழுதியவர், குண்டுவீச்சில் வீட்டை இழந்தவர், இரண்டு முடிசூட்டு விழாக்களுக்கு மார்ச் (அணிவகுப்பு நடைக்கான இசை) எழுதியவர். இதைவிடப் பொருத்தமான பெயர் அன்று இங்கிலாந்தில் இல்லை. ஆனால் இதே நேரத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: இசை எத்தனை நிமிடம் வேண்டும், அதை வைத்து வேறு என்னென்ன செய்யப்போகிறோம்? அந்தக் கேள்வியை யாராவது கேட்டிருந்தால் விஷயம் பிற்பாடு போன இடத்துக்குப் போயிருக்காது.

வால்டன் தன் பலவீனத்தை அறிந்து ஒரு முடிவு எடுத்தார். துணைக்கு மால்கம் ஆர்னால்டைச் சேர்த்துக்கொண்டார். ஆர்னால்ட் அவருக்கு நேர் எதிர். ட்ரம்பெட் வாசிப்பவராகத் தொடங்கி, சிம்பொனிகளும் நூற்றுக்கு மேற்பட்ட படங்களுக்கு இசையும் எழுதியவர், அசுர வேகக்காரர். ஆஸ்கர் வாங்கிக் கொடுத்த 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்' (1957) இசையைப் பத்து நாளில் முடித்தவர். (இலங்கையின் கித்துல்கலையில் எடுத்த படம் அது. படம் சொல்லும், இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதையில் செத்தவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. படத்தில் அவர்களைத் தேடினால் கிடைக்கமாட்டார்கள். அது தனிக் கதை.) வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதுவதில் ஆர்னால்ட் உதவினார், ஒலிப்பதிவில் ஆர்க்கெஸ்ட்ராவையும் அவரே வழிநடத்தினார். மெதுவாக எழுதுபவர் வேகமானவரைக் கூட்டு சேர்த்துக்கொண்டது நல்ல ஏற்பாடு. வேலை நேரத்துக்கு முடிந்தது.

டென்ஹாமில் பதிவானது

1969இன் தொடக்கத்தில் லண்டனுக்கு வெளியே டென்ஹாமில் ஒலிப்பதிவு நடந்தது. இன்று அந்தப் பதிவைக் கேட்கும்போது மூன்று விஷயங்கள் காதில் படுகின்றன.

ஒன்று, மார்ச். நடுவில், முந்தின தலைமுறை ஆங்கில இசையமைப்பாளர் எல்கார் பாணியில் ஒரு அகலமான மெட்டு விரியும். பழைய பாணி, அதில் சந்தேகமில்லை. 1969இல் சில காதுகளுக்கு அது தாத்தா காலத்து இசையாகத்தான் பட்டிருக்கும்.

இரண்டு, குறும்பு. ஜெர்மானியர்களுக்காக, ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் சீக்ஃப்ரீட் இசைநாடகத்தில் வரும் கொம்பு ஓசையை எடுத்துத் திருகி, கேலியாக வைத்திருக்கிறார். வீர மெட்டாகத் தொடங்கி, கால் தடுக்கினாற்போல் போகும். 'ஃபசாட்' எழுதிய இளைஞர் அங்கே எட்டிப்பார்க்கிறார்.

மூன்றாவதுதான் இந்தக் கதையின் மையம்: வான்போர் இசை. ஏறக்குறைய ஐந்து நிமிடம். வயலின்கள் வேகமாக, பதற்றமாக ஓடிக்கொண்டே இருக்கும், எங்கும் வந்து அமராது. மேலே பித்தளை வாத்தியங்கள் வெட்டி வெட்டி விழும். வெற்றி முழக்கம் எதுவும் கிடையாது.

மொத்த இசை அரை மணி நேரத்தை எட்டவில்லை. படமோ இரண்டு மணி நேரத்துக்கு மேல். இதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. பாதிப் படம் விமான இன்ஜின் இரைச்சலும் துப்பாக்கிச் சத்தமும். ஸ்பிட்ஃபயரின் மெர்லின் இன்ஜினே ஒரு வாத்தியம் மாதிரி. அது பாடும்போது ஆர்க்கெஸ்ட்ரா எதற்கு? அஜின்கோர்ட்டில் அம்புக்கு வழி விட்ட அதே கை இங்கே இன்ஜினுக்கு வழி விட்டிருக்கிறது. அப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது.

நிறுவனத்தின் முடிவு

ஒலிப்பதிவுக்குப் பிறகு யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் தரப்பு இந்த இசை வேண்டாம் என்றது. எல்.பி.க்குப் போதாது என்ற காரணம் சொல்லப்பட்டது. ரான் குட்வின் என்பவரிடம் முழுப் படத்துக்கும் புது இசை கேட்டார்கள்.

இந்த முடிவை முட்டாள்தனம் என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட்டுப் போகலாம். அது எளிது. ஆனால் அன்றைய கணக்கைப் பார்த்தால் அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று புரியும். யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸுக்கு 1957 முதலே சொந்த இசைத்தட்டு நிறுவனம் இருந்தது. 1964இல் பீட்டில்ஸ் குழுவை வைத்து 'எ ஹார்ட் டேஸ் நைட்' எடுத்ததே அமெரிக்காவில் இசைத்தட்டு விற்கத்தான் என்று சொல்லும் அளவுக்கு அது ஓடியது. அதற்கு அடுத்து 'கோல்ட்ஃபிங்கர்'. அதற்குத் தயாரிப்பில் இதே சால்ட்ஸ்மன், இயக்கம் இதே ஹாமில்டன், வெளியீடு இதே நிறுவனம். அந்தப் படத்தின் இசைத்தட்டு 1965இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஆடியோ விற்றே கணிசமாகத் தேற்றிவிடலாம் என்று பழகிப்போன நிறுவனம். 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' போல விமானங்களுக்காகக் காசைத் தண்ணீராகச் செலவழித்த படத்தில், அந்த வரவையும் கணக்கில் வைத்திருப்பார்கள்.

அது வால்டனுக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. 1966இல் 'டார்ன் கர்ட்டன்' படத்துக்கு பெர்னார்ட் ஹெர்மன் எழுதியதை ஹிட்ச்காக் நிறுத்தினார். விற்கிற மாதிரி இசை வேண்டும் என்று ஸ்டுடியோ அழுத்திய காலம். 1968இல் '2001' படத்துக்கு அலெக்ஸ் நார்த் எழுதியது படத்தில் இல்லாமல் போனது. அந்தப் பத்தாண்டில் எழுதி முடித்த இசை எதுவும் பத்திரமாக இல்லை.

இத்தனையும் ஒப்புக்கொண்ட பிறகும் எனக்கு அந்தக் காரணம் பாதிதான் செரிக்கிறது. எல்.பி.யை நிரப்புவதுதான் பிரச்சினை என்றால், வழி கையிலேயே இருந்தது. மேலே சொன்ன எட்டு நிமிட 'ஸ்பிட்ஃபயர்' இசையை மறுபக்கத்தில் சேர்த்திருக்கலாம். அதே இசையமைப்பாளர், அதே விமானம், அதே போர். அந்த இரண்டு முடிசூட்டு மார்ச்சுகளையும் சேர்த்தால் தட்டு தாராளமாக நிறைந்திருக்கும். வால்டனிடமே இன்னும் பத்து நிமிடம் எழுதித் தரச் சொல்லியிருக்கலாம், பக்கத்தில் ஆர்னால்ட் வேறு இருந்தார். இதில் எதையும் முயலாமல் முழுவதையும் தூக்கியெறிந்திருக்கிறார்கள் என்றால், நீளத்தோடு வேறு ஏதோவும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. ஆனால் சொன்ன காரணம் நீளம். ஆய்வில் அதைத்தான் பதிய முடியும்.

குட்வினை இதில் வில்லனாக்குவது நியாயமில்லை. '633 ஸ்குவாட்ரன்', 'வேர் ஈகிள்ஸ் டேர்' என்று போர்ப்படங்களில் தேர்ந்தவர். அழைத்தார்கள், எழுதினார், நன்றாகவே எழுதினார். படத் தொடக்கத்தில் ஜெர்மன் விமானப்படைக்காக அவர் போட்ட மார்ச், பின்னாளில் பிரிட்டிஷ் இராணுவ வாத்தியக் குழுக்களே விரும்பி வாசிக்கும் மெட்டு ஆகிவிட்டது. எதிரிக்கு எழுதிய மெட்டு ஊருக்குப் பிடித்துப்போனது.

ஒலிவியேயின் இடையீடு

வால்டனின் இசை முழுவதும் போகிறது என்று தெரிந்ததும் ஒலிவியே ஒரு நிபந்தனை வைத்தார். வால்டனின் இசையில் எதுவுமே படத்தில் இல்லையென்றால் தன் பெயரைப் படத்திலிருந்து எடுத்துவிட வேண்டும்.

இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகளில் இதுதான் கூர்மையானது. ஒலிவியே இந்தப் படத்தின் இயக்குநரோ தயாரிப்பாளரோ இல்லை. இசையில் தலையிட அவருக்கு ஒப்பந்த உரிமை ஏதும் இருந்திருக்காது. ஆனால் சுவரொட்டியில் அவர் பெயருக்கு ஒரு விலை இருந்தது, அது நிறுவனத்துக்கும் தெரியும். முழு இசையையும் திரும்ப வையுங்கள் என்று அவர் அடம்பிடிக்கவில்லை. கேட்டது கிடைக்கக்கூடிய அளவில் இருந்தது, கிடைத்தது.

வான்போர்ப் பகுதி காப்பாற்றப்பட்டது. படத்தில் அந்த இடம் இப்படி வருகிறது: அதுவரை ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகக் காதை அடைத்த இன்ஜின் சத்தமும் சுடும் சத்தமும் சட்டென அடங்கிவிடுகின்றன. வசனம் இல்லை. வானம் முழுக்க வெள்ளைப் புகைக்கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. முகமூடிக்கு மேலே விமானிகளின் கண்கள் மட்டும் தெரிகின்றன. ஒரு விமானம் புகையோடு சரிகிறது, எந்தப் பக்கத்து விமானம் என்று பார்க்குமுன் அடுத்தது. கேட்பது ஆர்க்கெஸ்ட்ரா மட்டும். அந்த ஐந்து நிமிடத்தில் வீரமும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை. களைத்துப்போனவர்களின் வேகம் இருக்கிறது. படம் பார்த்தவர்கள் பல வருடம் கழித்தும் சொல்வது பெரும்பாலும் இந்த இடத்தைத்தான்.

வெளியீடு

1940 வான்போரின் நினைவு நாளான செப்டம்பர் 15 அன்று, 1969இல் லண்டனில் படம் வெளியானது. டைட்டிலில் குட்வின், வால்டன் இருவர் பெயரும் இருந்தன. இசைத்தட்டும் வந்தது. பிரிட்டனில் கூட்டம் வந்தது, அமெரிக்காவில் படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை.

வால்டன் அதற்குப் பிறகு ஒரே ஒரு படத்துக்குத்தான் இசை எழுதினார்: ஒலிவியே இயக்கிய 'த்ரீ சிஸ்டர்ஸ்' (1970).

எது வேறு மாதிரி நடந்திருக்கலாம்

இதில் எனக்குப் படுவதை மட்டும் சொல்கிறேன்.

முதல் பிழை, இசை எழுதத் தொடங்கும் முன்பே நடந்தது. படத்துக்கு எத்தனை நிமிடம், தட்டுக்கு எத்தனை நிமிடம் என்பவை இரண்டு தனித்தனித் தேவைகள். இரண்டும் ஒரே ஆளிடம் கேட்கப்படுகின்றன என்றால் ஆரம்பத்திலேயே தாளில் எழுதியிருக்க வேண்டும். வால்டன் படத்தைப் பார்த்து எழுதினார், நிறுவனம் தட்டைப் பார்த்து அளந்தது. இரண்டு பேரும் வேறு வேறு அளவுகோலோடு உட்கார்ந்திருந்தார்கள், அதை டென்ஹாம் பதிவு முடிந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். இன்றும் ரீ-ரெக்கார்டிங் மேசையில் நடக்கும் சண்டைகளில் பாதி இந்த வகைதான்.

இரண்டாவது, முழுதாக வை அல்லது முழுதாக எறி என்ற இரண்டே வழிகளோடு நிறுவனம் யோசித்தது. மூன்றாவது வழியை ஒரு நடிகர் மிரட்டித்தான் வரவழைக்க வேண்டியிருந்தது. ஒரு படத்தில் இரண்டு இசையமைப்பாளர்கள் இருக்க முடியும் என்பதை அந்தப் படமே கடைசியில் நிரூபித்தது. அதை முதலிலேயே, மரியாதையாக, வால்டனிடம் பேசிச் செய்திருக்கலாம்.

வால்டன் பக்கத்திலும் ஒன்று உண்டு. தீவில் இருப்பவர், மெதுவாக எழுதுபவர், பேரம் பேச ஆள் இல்லாதவர் போல நடந்துகொண்டார். அவர் தரப்பில் ஒருவர் லண்டனில் உட்கார்ந்து, இந்த நிறுவனத்துக்கு இசைத்தட்டு முக்கியம் என்று காதில் போட்டிருந்தால் இன்னும் சில பக்கங்கள் எழுதியிருப்பார். ஆனாலும் அறுபத்தாறு வயதில், நோய்க்குப் பிறகு, கேட்ட நேரத்தில் எழுதிக் கொடுத்தவரிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

கைப்பிரதியும் நாடாக்களும்

இசைக் கைப்பிரதி நிறுவனத்தின் வசமே கிடந்தது. 1970இல் பிரதமரான எட்வர்ட் ஹீத் தானே ஆர்கன் வாசிப்பவர், ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தத் தெரிந்தவர். வால்டனின் 70ஆம் பிறந்தநாளுக்கு, 1972 மார்ச் 29 அன்று, டவுனிங் தெருவில் விருந்து கொடுத்தார். நிறுவனத்திடம் பேசி அந்தக் கைப்பிரதியை வாங்கி வைத்திருந்து பரிசாகக் கொடுத்தார். தான் எழுதிய தாள்களை ஒரு மனிதர் திரும்பப் பெற நாட்டின் பிரதமர் தேவைப்பட்டார்.

பிறகு வால்டன் குறைவாகவே எழுதினார். கிடார் கலைஞர் ஜூலியன் ப்ரீமுக்காக கிடார் துண்டுகள் ஐந்து, செல்லோ மேதை ராஸ்ட்ரோபோவிச்சுக்காக ஒரு சிறு ஆர்க்கெஸ்ட்ரா படைப்பு. மூன்றாவது சிம்பொனி ஒன்றைத் தொடங்கி விட்டுவிட்டார். 1983 மார்ச் 8 அன்று இஸ்கியாவில் இறந்தார். அவர் மறைந்த பிறகு இசையமைப்பாளர் காலின் மாத்யூஸ் 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' இசையைக் கச்சேரிக்கேற்ற தொகுப்பாக்கினார்.

ஒலிநாடாக்கள் தொலைந்துவிட்டன என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1990இல் அவை கிடைத்தன. படத்தின் ஒலிக்கலவை செய்தவருடைய வீட்டுக் கார் கொட்டகையில் இருந்திருக்கின்றன. யாரும் கேட்காத, எந்த நிறுவனத்துக்கும் வேண்டாத நாடாக்களை இருபது வருடம் குப்பையில் போடாமல் வைத்திருந்தது அவர் எடுத்த முடிவு. எதற்காக வைத்தாரோ, வைத்தார்.

நாடாக்களைச் சீர்செய்து குறுந்தட்டாக வெளியிட்டார்கள். 2004இல் வந்த டிவிடியில் இரண்டு ஒலித்தடங்கள் இருந்தன. ஒன்று திரையரங்கில் ஓடிய குட்வின் இசை, மற்றொன்று 35 வருடம் கழித்துப் படத்தோடு சேர்ந்த வால்டன் இசை. ரிமோட்டில் பட்டனை அழுத்தி மாற்றி மாற்றிக் கேட்கலாம். தொடக்க மார்ச்சில் மாற்றினால் வேறு படம் பார்ப்பது போல இருக்கும். கடைசி வான்போரில், இன்ஜின் சத்தம் அடங்கும் அந்த இடத்தில், எந்தப் பட்டனை அழுத்தினாலும் ஒரே இசைதான்.